குற்றப்பத்திரிகைக்கு முன்பே முடிய வேண்டிய வழக்கு

கேள்வி: சென்னையில் சட்டம் படித்து, உயர் நீதிமன்றத்தில் ஐந்து ஆண்டுகள் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். திருமணத்துக்குப் பின் அமெரிக்கா வந்து, எல்.எல்.எம். முடித்து, நியூயார்க் பார் தேர்வில் தேறி, ஏழு ஆண்டுகளாக ஒரு நடுத்தர நிறுவனத்தில் வணிக ஒப்பந்த வழக்குகளை நடத்தி வருகிறேன். வயது 39. முன்னாள் அரசு வழக்கறிஞர்கள் இருவர் மன்ஹாட்டனில் நடத்தும் சிறிய நிறுவனம் ஒன்று, வெள்ளைக் காலர் குற்ற வழக்குகளில் (நிதி மோசடி போன்றவை) குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் பணியாற்ற என்னை அழைத்திருக்கிறது. சம்பளம் இப்போதையதைவிடக் குறைவு. நான் அரசு வழக்கறிஞராக இருந்ததே இல்லை; என்னிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது. இந்த வயதில் இத்துறையில் நுழைந்து நிலைபெற முடியுமா? திருநெல்வேலியில் இருக்கும் என் அப்பா வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர். "ஊர்ப் பணத்தைச் சுருட்டினவனுக்கா வாதாடப் போற?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்றும் எனக்குத் தெரியவில்லை.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நியூஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் தெரியும் தயக்கத்தை நானும் ஒரு காலத்தில் சுமந்திருக்கிறேன். நியூயார்க்கில் 27 ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கும் நான் ஒருநாளும் அரசு வழக்கறிஞராக இருந்தவனல்லன். முதல் எட்டு ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் கட்டட ஒப்பந்ததாரர்களுக்கும் இடையிலான வழக்குகளையே நடத்தினேன். அதன்பின் இத்துறைக்கு வந்தபோது எந்த வேலைக்கு வருகிறேன் என்பதைச் சரியாக அறியாமலே வந்தேன். அதனால் நான் செய்த பிழைகளின் விலையை என்னைவிட என் கட்சிக்காரர்களே அதிகம் கொடுத்தார்கள். ஆகவே வயதையும் சம்பளத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன், இந்த வேலையின் தன்மையைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இப்பணி என்றால் ஜூரியின் முன் நின்று வாதாடுவதும், அரசுத் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் திணறடிப்பதுமே நினைவுக்கு வரும். அதில் உண்மை உண்டு. ஆனால் அது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. 2012-இல் மிசௌரி எதிர் ஃப்ரை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்னபடி, ஃபெடரல் நீதிமன்றங்களில் வழங்கப்படும் தண்டனைத் தீர்ப்புகளில் 97 விழுக்காடு, குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை. அப்படியானால் நாங்கள் ஆண்டு முழுவதும் என்ன செய்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். குற்றம் சாட்டப் போதிய சான்று உண்டா என்று பார்க்கும் கிராண்ட் ஜூரியின் அழைப்பாணை வந்த நாளுக்கும், குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்று அரசு வழக்கறிஞர் முடிவெடுக்கும் நாளுக்கும் இடையில் ஓராண்டோ மூன்றாண்டோ ஓடுகிறதே, அந்தக் காலம்தான் எங்கள் களம்.

அந்தக் காலம் ஏன் அத்தனை முக்கியம் என்பதற்கு ஆர்தர் ஆண்டர்சனின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. கணக்கு மோசடியில் சரிந்த எரிசக்தி நிறுவனமான என்ரானின் தணிக்கையாளராக இருந்த அந்நிறுவனத்தில் உலகெங்கும் சுமார் 85,000 பேர் வேலை பார்த்தார்கள். 2002 மார்ச்சில், ஆவணங்களை அழித்ததன் மூலம் நீதிக்குக் குறுக்கே நின்றதாக அதன்மேல் குற்றம் சாட்டப்பட்டது. ஜூன் மாதம் ஜூரி குற்றவாளி என்றது. ஆகஸ்ட் முடிவதற்குள் பொதுப் பங்கு நிறுவனங்களைத் தணிக்கை செய்யும் பணியையே அது விட்டுவிட வேண்டியதாயிற்று. 2005 மே மாதத்தில், ஜூரிக்குத் தரப்பட்ட சட்ட விளக்கம் தவறு என்று கூறி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கில் ஆண்டர்சன் வென்றது. வெற்றியை வாங்கிக்கொள்ளத்தான் அங்கே ஏறத்தாழ யாரும் இல்லை. தணிக்கை நிறுவனமோ, வங்கியோ, மருத்துவரோ, கணக்காளரோ, யாராயினும் குற்றப்பத்திரிகை வந்த அன்றே உரிமமும் கடன் வசதியும் வேலையும் ஆட்டம் காணத் தொடங்கிவிடும். எனவே எங்கள் மிகச் சிறந்த வெற்றிகள் குற்றப்பத்திரிகையே வராமல் முடிந்தவை. அவற்றை நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ள இயலாது. புகழை விரும்புபவருக்கு இது வருத்தம் தரும் வேலை என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

உரிமையியல் வழக்குகளில் பழகிய நம் கை, கேள்வி என்று ஒன்று வந்தால் பதில் எழுதத் துடிக்கும். எதிர்த்தரப்பு எழுத்து வினாக்களை அனுப்பினால் விடை தருகிறோம். முன்சாட்சியத்துக்கு அழைத்தால் கட்சிக்காரரைத் தயார் செய்து அழைத்துச் செல்கிறோம். குற்றவியல் தற்காப்பில் முதல் கடமையே கட்சிக்காரர் பேசுவதைத் தடுத்து நிறுத்துவதுதான். உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது வயதன்று, இந்தப் பழக்க மாற்றம்தான்.

என்னிடம் வந்த ஒரு கணக்கு மேலாளரின் வீட்டுக் கதவை ஒருநாள் காலை ஆறரை மணிக்கு இரண்டு அதிகாரிகள் தட்டினார்கள். மறைக்க அவரிடம் எதுவும் இல்லை; எனவே சமையலறை மேசையில் அமரவைத்து, காப்பி கொடுத்து, நாற்பது நிமிடம் பேசினார். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கூட்டத்தில் தாம் இல்லை என்று நினைவிலிருந்து சொன்னார். இருந்தார் என்று மின்னஞ்சல் காட்டியது. விசாரிக்கப்பட்ட பரிவர்த்தனையில் அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை, ஆனால் ஃபெடரல் அதிகாரியிடம் முக்கியமான செய்தி ஒன்றைத் தெரிந்தே பொய்யாகச் சொல்வது, சத்தியப்பிரமாணம் எதுவும் இல்லாவிட்டாலும், ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய தனிக்குற்றம். வீட்டில் நடக்கும் இத்தகைய உரையாடல்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவு செய்யப்படுவதில்லை, எஃப்.பி.ஐ. அதிகாரி பின்னர் எழுதும் 302 என்ற படிவமே பதிவாக நிற்கும். அவர் சொன்னது பொய் அன்று, மறதி என்பதை நிறுவ எங்களுக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. கடைசியில் வந்தது, குற்றம் சாட்டப்போவதில்லை என்று ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே. அந்த மனிதர் அன்று அழுததை நான் மறக்கவில்லை.

உடன் வழக்கறிஞர் இருந்தால் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். தொலைக்காட்சியில் புகழ்பெற்ற தொழிலதிபர் மார்த்தா ஸ்டூவர்ட் 2002 பிப்ரவரியில் தம் வழக்கறிஞர்களோடுதான் விசாரணைக்குச் சென்றார். இம்குளோன் என்ற மருந்து நிறுவனத்தின் பங்குகளை அவர் விற்றதற்காக, வெளியாகாத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்கும் உள்தகவல் வணிகம் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் குற்றவியல் நீதிமன்றத்தில் கொண்டுவரப்படவே இல்லை. பங்கு மோசடி என்று சேர்க்கப்பட்ட ஒரு குற்றச்சாட்டையும் நீதிபதி தள்ளுபடி செய்தார். 2004-இல் அவர் ஐந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றது, அந்த விற்பனையைப் பற்றி விசாரணையாளர்களிடம் சொன்னவற்றுக்காகவும் அவற்றை ஒட்டிய சதிக்காகவும்தான்.

இதே வகைப் பிழையை நானும் செய்திருக்கிறேன். இத்துறைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் நேரில் சென்று பேசும் 'ப்ராஃபர்' சந்திப்புக்கு ஒரு கட்சிக்காரரை அழைத்துச் சென்றேன். ஒரு நாள் ராணி என்ற செல்லப்பெயரால் வழங்கும் உடன்படிக்கையில் அவர் கையொப்பமிட்டார். அங்கே சொல்வதை அரசு நேரடிச் சான்றாகப் பயன்படுத்தாது. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் துப்புகளைப் பின்தொடரலாம். பின்னர் அவரோ அவர் தரப்போ மாறாக எதையேனும் முன்வைத்தால் அதை உடைக்கவும் பயன்படுத்தலாம். மின்னஞ்சல்கள் முழுவதையும் நான் படித்து முடிக்கும் முன்பே, நல்லெண்ணம் காட்டும் அவசரத்தில், அந்தச் சந்திப்புக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். அவர் சொன்ன தேதிகள் தவறின. அன்றோடு, ஜூரியின் முன் போராடும் வாய்ப்பு அவருக்கு நடைமுறையில் இல்லாமல் போயிற்று. ஆவணங்களைக் கடைசித் தாள் வரை படிக்காமல் கட்சிக்காரரைப் பேசவிடுவதில்லை என்று அன்று எடுத்த முடிவை இதுவரை மீறியதில்லை.

இங்கேதான் உங்கள் ஏழு ஆண்டுகள் உதவும். இலட்சக்கணக்கான மின்னஞ்சல்களில் எது வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான இரகசியக் காப்புக்கு உட்பட்டது, எந்த ஒரு வரியில் வழக்கின் உயிர் இருக்கிறது என்று தேடிப் பழகியவர் நீங்கள். ஒரு நிறுவனத்தின் வழக்கறிஞர் அதன் ஊழியரை விசாரிக்கும்போது, "நான் உங்கள் வழக்கறிஞர் அல்லன், நிறுவனத்தின் வழக்கறிஞர்" என்று எச்சரிக்கும் வழக்கம், 1981-ஆம் ஆண்டின் அப்ஜான் தீர்ப்பிலிருந்து வளர்ந்தது. அந்த எச்சரிக்கையின் நுட்பம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கணக்குகளைப் புரிந்துகொள்ள நாம் அமர்த்தும் கணக்காளரின் உரையாடலும் இரகசியக் காப்புக்குள் வரும் என்ற 1961-இன் கோவெல் தீர்ப்பைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். அது தினமும் கைக்கொள்ளும் கருவி. ஆனால் அரசிடமிருந்து ஆவணம் பெறுவதில் உங்கள் பழைய எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஃபெடரல் குற்ற வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியை முன்கூட்டி அழைத்து நாம் விரும்பியபடி கேள்வி கேட்கும் உரிமை பொதுவாக இல்லை. 1957-இன் ஜென்க்ஸ் சட்டப்படி, அச்சாட்சி அரசிடம் முன்பு கொடுத்த வாக்குமூலம், அவர் கூண்டில் முதல் விசாரணையை முடித்த பின்னரே நமக்கு வர வேண்டும். பல நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் சற்று முன்னதாகத் தருகிறார்கள், அவ்வளவே.

சென்னையில் கழித்த ஐந்து ஆண்டுகளையும் விண்ணப்பத்தின் கடைசி வரியில் ஒளித்துவைக்காதீர்கள். நீதிபதி குறுக்கிட்டுக் கேட்கும்போது குறிப்பைப் பார்க்காமல் எழுந்து பதில் சொல்லும் பயிற்சி, இங்கே பெரிய நிறுவனங்களில் பத்தாண்டு இருந்த பலருக்குக் கிடைப்பதில்லை.

அரசு வழக்கறிஞர் அனுபவம் இல்லாததைப் பற்றி. இத்துறையின் முன்னணியில் இருப்போரில் பெரும்பாலோர் அங்கிருந்தே வருகிறார்கள் என்பது உண்மை. நியூயார்க்கின் தென்மாவட்ட அரசு வழக்கறிஞராக 1993 முதல் 2002 வரை இருந்து, பின் தனியார் நிறுவனத்தில் தற்காப்புப் பணி செய்து, 2013-இல் பங்குச்சந்தை ஆணையத்தின் தலைவரான மேரி ஜோ வைட்டின் பாதை இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அந்த அலுவலகங்களில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். எனவே இன்றைக்கு அந்தக் கதவு உங்களுக்கு மூடியிருக்கிறது. குடியுரிமை கிடைத்த பின் அங்கே சென்று சில ஆண்டுகள் இருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உங்கள் நிலையில் நான் அதற்காகக் காத்திருக்க மாட்டேன். முன்னாள் அரசு வழக்கறிஞரிடம் இருக்கும் பெரிய சொத்து, ஒரு வழக்கைத் தொடர்வதா விடுவதா என்று அந்த அலுவலகத்துக்குள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்ற அறிவு. உங்களை அழைத்திருக்கும் இருவரும் அதை அறிந்தவர்கள். அவர்கள் அருகில் மூன்றாண்டு உட்கார்ந்தால் அதில் பெரும்பகுதியைக் கற்றுவிடலாம். எனவே அவர்களிடம் சம்பளத்தைப் பேசுவதற்கு முன், அரசு வழக்கறிஞரோடு நடக்கும் சந்திப்புகளில் உங்களை அறைக்குள் அழைத்துச் செல்வார்களா, வெளியே ஆவணங்களோடு அமர்த்திவிடுவார்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இரண்டாவதுதான் என்றால் சேர வேண்டாம்.

சிறிய நிறுவனம் என்பதை நான் குறையாகக் கருதவில்லை. ஒரு பெரிய வங்கி விசாரணைக்கு உள்ளாகும்போது வங்கிக்கு ஒரு பெரிய சட்ட நிறுவனமும், விசாரிக்கப்படும் ஒவ்வோர் ஊழியருக்கும் தனித்தனி வழக்கறிஞர்களும் தேவைப்படுவார்கள். இந்தத் தனிவழக்குகள் சிறு நிறுவனங்களுக்கே வருகின்றன. கட்டணத்தைப் பெரும்பாலும் முதலாளி நிறுவனமே செலுத்தும், ஆனால் விசுவாசம் முழுவதும் ஊழியருக்கு மட்டுமே. இந்த ஏற்பாடு எவ்வளவு அடிப்படையானது என்பது கே.பி.எம்.ஜி. என்ற தணிக்கை நிறுவனம் தொடர்பான வழக்கில் வெளிப்பட்டது. தன் முன்னாள் ஊழியர்களின் சட்டச் செலவை நிறுத்தும்படி அந்நிறுவனத்தின்மேல் அரசு செலுத்திய அழுத்தம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று நீதிபதி லூயிஸ் கேப்லன் 2006-இல் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு 13 பேர் மீதான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நீதிமன்ற அனுபவத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. வழக்கறிஞர் அமர்த்த வசதியற்றவர்களுக்காக, 1964-இன் குற்றவியல் நீதிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஃபெடரல் மாவட்டமும் தனியார் வழக்கறிஞர் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் உடனே இடம் கிடைக்காது. ஆயினும் பட்டியலில் இருப்பவர்களுக்கு உதவியாளராக வழக்குகளில் சேர்ந்துகொள்ள முடியும். ஜாமீன் விசாரணையும் தண்டனை விசாரணையும் அங்கேதான் கைவரும். பெரிய மனிதர்களின் வழக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்புவது எத்தனை விரைவாக நடந்துவிடுகிறது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

இனி உங்கள் அப்பாவின் கேள்வி. அதை நான் சிறிதும் தள்ளிவிடவில்லை. பல்லாண்டுகள் பிறர் பணத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒருவர் அப்படிக் கேட்காவிட்டால்தான் வியப்பு. எங்களிடம் வருபவர்களில் தவறு செய்தவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களால் சேமிப்பை இழந்தவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய வழக்கில் தற்காப்பு வழக்கறிஞரின் வேலை தவறே நடக்கவில்லை என்று நடிப்பதன்று. ஃபெடரல் தண்டனை வழிகாட்டு நெறிகளில் நிலை உயர உயரச் சிறைக்காலமும் கூடும்; மோசடிக் குற்றத்தின் அடிப்படை நிலை 6 அல்லது 7-தான். இழப்புத் தொகையை வைத்து மட்டும் அதன்மேல் 30 நிலைகள் வரை கூடும். ஆகவே உண்மையான இழப்பு எவ்வளவு, அதில் இவர் பங்கு எவ்வளவு என்ற கணக்கில்தான் ஒருவர் இரண்டாண்டு சிறையிலிருப்பதும் பன்னிரண்டாண்டு இருப்பதும் அடங்கியிருக்கும். பணத்தைத் தண்டனைக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடும்படி கட்சிக்காரரை முதலில் வற்புறுத்துபவரும் பெரும்பாலும் அவருடைய வழக்கறிஞரே. ஒரு வங்கியாளருக்கு இது புரியும்.

ஆனால் இதைவிட முக்கியமான பதில் ஒன்று உண்டு. அலாஸ்காவின் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் 2008 அக்டோபரில், தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, பெற்ற பரிசுகளை மறைத்ததாகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, தேர்தலிலும் தோற்றார். அவருக்குச் சாதகமான சான்றுகளை அரசு வழக்கறிஞர்கள் தராமல் வைத்திருந்தது பின்னர் வெளிவந்தது. அரசே கேட்டுக்கொண்டபடி 2009 ஏப்ரலில் நீதிபதி எம்மெட் சல்லிவன் அந்தத் தீர்ப்பை நீக்கினார். நாட்டின் மிக மூத்த செனட்டர்களில் ஒருவருக்கு, சிறந்த வழக்கறிஞர்கள் இருந்தும், இது நேர்ந்தது என்றால், என் சமையலறை மேசைக் கணக்கு மேலாளருக்கு என்ன நேரும் என்று அப்பாவிடம் கேளுங்கள்.

நம்மவர் வீடுகளில் அதிகம் பேசப்பட்ட வழக்கும் ஒன்று உண்டு. கொழும்பில் பிறந்த தமிழரும் கேலியன் என்ற முதலீட்டு நிதியின் நிறுவனருமான ராஜ் ராஜரத்தினம் உள்தகவல் வணிக வழக்கில் 2009 அக்டோபரில் கைதாகி, 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியாகி, 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சாதாரண விசாரணை முறைகள் போதாது என்று நீதிபதிக்குக் காட்டினால்தான் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதி உண்டு என்பது 1968-இன் சட்டம். அவர் தரப்பு வழக்கறிஞர்கள் தோண்டியதால்தான், பங்குச்சந்தை ஆணையம் நெடுங்காலமாக வழக்கமான முறையில் விசாரித்து வந்ததை அரசு தன் விண்ணப்பத்தில் விட்டுவிட்டது என்பது வெளியே வந்தது. நீதிபதி ஹோல்வெல் அரசைக் கடிந்துகொண்டபோதிலும், அவர் தொலைபேசியை ஒட்டுக்கேட்டு எடுத்த ஒலிப்பதிவுகளைச் சான்றாக ஏற்றார். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. தோற்ற வாதம்தான். ஆனாலும் நீதிபதியிடம் அரசு முழு உண்மையையும் சொன்னதா என்று யாரேனும் ஒருவர் கேட்டாக வேண்டும். அக்கேள்வியைக் கேட்கும் வேலையைத்தான் நீங்கள் ஏற்கப்போகிறீர்கள். அவருடைய தம்பி ரெங்கன்மேல் எஞ்சியிருந்த சதிக் குற்றச்சாட்டிலிருந்து 2014 ஜூலையில் ஜூரி அவரை விடுவித்தது. அண்ணன் குற்றவாளி என்பதால் தம்பியும் குற்றவாளி என்று ஊர் நினைத்திருந்தது. ஜூரி அப்படி நினைக்கவில்லை.

சம்பளக் குறைவைப் பற்றி என் கருத்து: இரண்டாண்டு அந்தக் குறைவைத் தாங்கும் சேமிப்பு இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் ஓராண்டு தள்ளிப்போடுங்கள். வீட்டுக் கடன் நெருக்கும்போது, கட்டணத்துக்காக ஒரு வழக்கை ஏற்கவோ, சமரசம் செய்யக் கூடாத இடத்தில் செய்யவோ மனம் தடுமாறும்.

சேர முடிவெடுத்தால் இப்போதைய நிறுவனத்தில் ராஜினாமா கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. நீங்கள் இந்த ஏழு ஆண்டுகளில் கையாண்ட வழக்குகளின் தரப்பினர் பெயர்களை மட்டும், இரகசியம் எதையும் சேர்க்காமல், ஒரு பட்டியலாகப் புதிய நிறுவனத்திடம் கொடுத்து நலன் முரண்பாடு உண்டா என்று எழுத்து மூலம் பார்க்கச் சொல்லுங்கள். வணிக வழக்குகளில் வங்கிகள் அடிக்கடி வரும். நீங்கள் காத்து நின்ற ஒரு வங்கியின் ஊழியர் நாளை உங்கள் புதிய அலுவலகத்தின் கட்சிக்காரராக இருக்கக்கூடும். அந்தப் பதில் கைக்கு வந்த பிறகே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.